எழுதியிருக்கும் ஆண்டு வேறு, அடித்த ஆண்டு வேறு: ஒரு பழைய நாணய ஆல்பத்தைப் பிரித்து அடுக்கிய பதிவு

கைமாறி வந்த பழைய ஆல்பம் ஒன்றை முழுவதுமாகப் பிரித்து, கழுவ வேண்டியதைக் கழுவி, அடையாளம் கண்டு, புது உறைகளுக்கு மாற்றிய வேலையின் குறிப்புகள் இவை. ஆல்பத்தின் பிளாஸ்டிக் பக்கங்கள் மஞ்சளித்துப் போயிருந்தன. திறந்தால் புது ஷவர் திரையின் நெடி. உள்ளே பல நாட்டு நாணயங்கள், இடையிடையே நினைவுப் பதக்கங்கள். ஒவ்வொரு பைக்குள்ளும் முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் எழுதிச் செருகிய சீட்டு: நாடு, ஆண்டு, உலோகம். உலோகத்தை அவர் பெரும்பாலும் சரியாகவே எழுதியிருந்தார். ஆண்டு விஷயத்தில்தான் அந்தச் சீட்டுகளை நம்ப முடியவில்லை.

இப்படி ஒரு குவியல் கிடைத்தால் பலருக்கும் முதலில் கை போவது பளபளப்பாக்கும் திரவத்தின் பக்கம். அந்தப் பாட்டில் மேசை மேலேயே இருக்கக் கூடாது என்பது என் கட்சி. வெள்ளியைக் கறுக்க வைப்பது அதன் மேல் படிந்த சில்வர் சல்ஃபைடு. அமிலமும் தையோயூரியாவும் கலந்த அந்தத் திரவம் கறுப்போடு சேர்த்து மேற்பரப்பின் மெல்லிய அடுக்கையும் கரைத்துக்கொண்டு போய்விடும். அச்சு அடித்தபோது உலோகம் நகர்ந்ததால் உண்டான நுண்வரிகளில் ஒளி பட்டுச் சுழல்வதுதான் புது நாணயத்தின் மினுமினுப்பு. அது ஒருமுறை போனால் திரும்பாது. தேய்த்து வரவழைத்த வெள்ளைப் பளபளப்பு வேறு சரக்கு. லென்ஸ் வைத்துப் பார்ப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

அதனால் முதலில் அளவெடுப்பு. 0.01 கிராம் வரை காட்டும் தராசு, பிளாஸ்டிக் தாடை வைத்த காலிப்பர், 10 மடங்கு லென்ஸ், நைட்ரைல் கையுறை, மேசையில் நாலாக மடித்த துண்டு. பருத்திக் கையுறை வேண்டாம், வழுக்கும். எடை, விட்டம், பருமன் எழுதியபின், முன்பக்கத்தை நிமிர்த்திப் பிடித்து, மேலிருந்து கீழாகப் புரட்டாமல், பக்கவாட்டில் புத்தகத் தாள்போலத் திருப்ப வேண்டும். பின்பக்கமும் நிமிர்ந்தே நின்றால் இரண்டு அச்சும் ஒரே திசை; பதக்கங்களில் இதுவே வழக்கம். தலைகீழாக வந்தால் எதிர்த்திசை. பல நாட்டு நாணயங்களில் அப்படி இருக்கும். கடிகார முள் கணக்கில் 12 என்றோ 6 என்றோ குறித்துக்கொள்வேன். ஒரு வகை நாணயத்துக்கு 6 என்று தெரிந்திருக்க, கையில் உள்ளது 5லோ 12லோ நின்றால் அதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

அடுத்தது விளிம்பு. ஆல்பத்தில் வைத்தே பார்த்துப் பழகியவர்கள் விளிம்பைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பை அதை மறைத்துவிடுகிறது. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த திருத்தங்களில் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவை.

தேனீ

செம்புப் பதக்கம் ஒன்று, விட்டம் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். முன்பக்கத்தில் நெப்போலியனின் தலை, கழுத்தடியில் ஆந்த்ரியூ என்ற செதுக்குநரின் பெயர். பின்பக்கம் 1805ஆம் ஆண்டு ஆஸ்டர்லிட்ஸ் போர். சீட்டிலும் 1805 என்றே இருந்தது. செதுக்கல் கூர்மையாக, பழுப்பு நிறம் ஒரே சீராக, இருநூறு வருடம் கடந்த பொருளுக்குச் சற்று அதிகமாகவே நன்றாக இருந்தது.

விளிம்பில் லென்ஸை ஓட்டினால் செம்பு என்பதற்கான பிரெஞ்சுச் சொல். அதை ஒட்டி ஒரு சின்னத் தேனீ. இங்கேதான் ஏமாறுவது எளிது. தேனீ நெப்போலியனின் சொந்தச் சின்னம். அரியணை விரிப்பிலெல்லாம் அதைப் பொறித்தவர். ஆகவே தேனீ இருந்தால் அவர் காலத்துப் பதக்கம் என்று நினைக்கத் தோன்றும். கணக்கு அதற்கு நேர் எதிர். பாரிஸ் நாணயச் சாலை பதக்கங்களின் விளிம்பில் குறி இடத் தொடங்கியதே 1832இல். அப்போது பழங்கால விளக்கு. 1841இல் நங்கூரம், 1842இல் கப்பல் முகப்பு, 1845இல் சுட்டுவிரல் நீட்டிய கை, 1860இல் தேனீ. 1880 முதல் கனிகள் வழியும் கொம்பு. அதாவது தேனீக் குறி என்றால், 1860க்கும் 1880க்கும் இடையில், அவருடைய தம்பி மகன் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியிலோ அதற்குச் சற்றுப் பின்போ அடித்தது. முதலாம் நெப்போலியன் காலத்தில் அடித்த பிரதிக்கு விளிம்பு வெறுமையாக இருக்க வேண்டும்.

இது போலி அல்ல. அந்தச் சாலை பழைய பதக்க அச்சுகளைப் பத்திரப்படுத்தி, கேட்டவர்களுக்குத் தொடர்ந்து அடித்துக் கொடுத்து வந்தது. மறு அடிப்பு என்று எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. எனக்கு இன்னும் பிடித்தது இதுதான்: தான் எப்போது பிறந்தேன் என்பதை விளிம்பிலேயே எழுதிக்கொண்டு, பின்பக்கத்தில் அறுபது வருடம் முந்தைய போரைக் கொண்டாடுகிற பொருள். குறியைத் தேய்த்து அழித்து விற்பவர்களும் உண்டு என்பதால், வெறுமையான விளிம்பைக் கண்டால் அங்கே அரம் பட்ட கோடுகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது.

1780

அடுத்த சீட்டில் ஆஸ்திரியா, 1780, வெள்ளி. மரியா தெரசா தாலர். நாணயத்தில் 1780 என்று தெளிவாக இருக்கிறது. அதைப் பார்த்து எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அரசி இறந்ததும் அதே ஆண்டு. ஆனால் செங்கடல் கரையிலும் எத்தியோப்பியாவிலும் அரேபியாவிலும் வணிகர்கள் அந்த முகம் போட்ட, அந்த ஆண்டு போட்ட நாணயத்தை மட்டும்தான் ஏற்றார்கள். ஆகவே ஆண்டை மாற்றாமலேயே வியன்னா அடித்துக்கொண்டே போயிற்று. 1935இல் இத்தாலி அச்சுகளைப் பெற்று ரோமில் அடிக்கத் தொடங்கியது. அதன்பின் லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், பம்பாய் என்று மற்ற சாலைகளும் இறங்கின. இன்றைக்கும் வியன்னாவில் 1780 அடிக்கிறார்கள்.

முதலில் வெள்ளிதானா என்று பார்த்தேன். தரநிலை எடை 28.07 கிராம், ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளி, மீதி செம்பு. வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பு 8.96. இந்த விகிதத்தில் கலந்தால் 10.2 வர வேண்டும். இதை வீட்டிலேயே அளக்கலாம். தராசின் மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்க வேண்டும். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, முழுவதும் முங்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிட வேண்டும். இப்போது தராசு காட்டுவது நாணயம் ஒதுக்கிய தண்ணீரின் எடை. காற்றில் எடுத்த எடையை இதனால் வகுத்தால் ஒப்படர்த்தி. எனக்குக் காற்றில் 28.05, தண்ணீரில் 2.75, வகுத்தால் 10.2. வெள்ளி முலாம் பூசிய பித்தளையாக இருந்தால் தண்ணீரில் 3.3 அளவு காட்டியிருக்கும். எழுத்துகளின் இடுக்கில் குமிழி ஒட்டிக்கொண்டால் கணக்கு கெடும். தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டால் அது வராது. சின்ன நாணயங்களுக்கு இந்த முறை அவ்வளவு உதவாது. இரண்டு கிராம் நாணயத்தில் தராசின் கடைசி இலக்கம் ஒன்று பிசகினாலே விடை தலைகீழாகிவிடும்.

விளிம்பில் புடைத்த எழுத்துகளில் நீதியும் கருணையும் என்று பொருள்படும் லத்தீன் வாசகம்; நடுநடுவே பூவேலை. எழுத்து முழுமையாக, ஒரே ஆழத்தில் இருந்தது. வார்த்து எடுத்த போலிகளில் முதலில் மழுங்குவது இந்த இடம்தான். ஆனால் எந்தச் சாலையில், எந்தப் பத்தாண்டில் அடித்தது என்பதை விளிம்பு சொல்லாது. அதற்குக் கழுகின் வாலிறகு, தோளில் உள்ள அணியின் முத்துகள், கீழே உள்ள எஸ்.எஃப். எழுத்துகளை ஒட்டிய புள்ளிகள் ஆகியவற்றில் உள்ள நூலளவு வேறுபாடுகளை ஒப்பிட வேண்டும். அந்த வேலை பாக்கி இருக்கிறது.

ஆண்டு விஷயத்தில் இன்னும் இரண்டு. ஓர் உஸ்மானிய வெள்ளி நாணயத்தில் 1293 என்று அரபு இலக்கத்தில் இருந்தது. சீட்டில் அதை அப்படியே ஹிஜ்ரியாகக் கொண்டு 1876 என்று மாற்றி எழுதியிருந்தார். 1293 என்பது சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது பட்டத்துக்கு வந்த ஆண்டு. அதைத்தான் அவருடைய எல்லா நாணயங்களிலும் போட்டார்கள். அடித்தது எப்போது என்பதற்கு ஆட்சி ஆண்டு வேறோர் இடத்தில் தனியே இருக்கும். இதில் அது 25. பட்டத்துக்கு வந்த ஆண்டையே முதல் ஆண்டாக எண்ண வேண்டும் என்பதால் 1293உடன் 24 கூட்டினால் ஹிஜ்ரி 1317. கிறித்துவ ஆண்டில் 1899 அல்லது 1900. அடுத்தது விக்டோரியா அரசியின் வைர விழாப் பதக்கம், வெண்கலம், 55 மில்லிமீட்டர். ஒரு பக்கம் இளம் வயது முகமும் 1837 என்ற எண்ணும். மறு பக்கம் முக்காடிட்ட முதிய முகம். அங்கே 1897 என்பது ரோமன் எழுத்துகளில் சுற்றி ஓடுகிறது. எண்ணை மட்டும் படித்தால் முடிசூட்டுக் காலத்துப் பதக்கம் என்றே எழுதத் தோன்றும். சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது.

அசிட்டோன்

அளவெடுப்பும் படமும் முடிந்த பிறகே கழுவல். ஆல்பத்தின் பைகள் பிவிசி. அது வளையும் தன்மையுடன் இருப்பதற்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் கசிந்து நாணயத்தின் மேல் படலமாகும். பிளாஸ்டிக் சிதையும்போது வெளியேறும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் செம்பை அரிக்கும். விளைவு, பச்சைப் பிசின். எங்கே பச்சை கண்டாலும் களிம்பு என்று சொல்லிவிடுகிறோம். மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. மர ஈர்க்குச்சியால் தொட்டால் வழவழவென்று இழுபட்டால் பிவிசி. கெட்டியாக, உலோகத்தோடு ஒன்றி இருந்தால் சாதாரணக் களிம்பு. அது பல சமயம் கவசமாகவே இருக்கும், விட்டுவிடலாம். வெளிர் பச்சையாக, மாவாக உதிர்ந்து, தட்டினாலும் மறுபடி முளைத்தால் அது வெண்கல நோய்.

பிவிசிக்கு மருந்து சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு நீக்கி உதவாது. அதில் மணமும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடி ஜாடி, கண்ணாடி அல்லது உலோக மூடி. சாதாரணப் பிளாஸ்டிக் டப்பாக்களில் பலவும் அசிட்டோனில் கரைந்து, அந்தக் கரைசலே நாணயத்தில் படியும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் தீப்பொறியும் அருகில் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல் இட்டு ஓர் இரவு விட்டு, புது அசிட்டோனில் இன்னொரு முறை முக்கி, சாய்த்து வைத்து உலரவிட்டேன். துடைக்கவில்லை. துணியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் கோடு விழும். வெள்ளியின் கறுப்பு அப்படியே இருந்தது. அதுதான் வேண்டும், அசிட்டோன் வெள்ளியையோ சல்ஃபைடையோ தொடாது. பழைய ஆல்பத்தில் பசை பூசியதுபோல மங்கியிருந்த பரப்புகள் தெளிந்ததும், சிலவற்றில் அமிலம் ஏற்கெனவே தின்ற குழிகள் வெளியே வந்தன. அவற்றுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

பதக்கங்களை மட்டும் இதில் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. சிலவற்றுக்கு வார்னிஷ் பூச்சு இருக்கும். அது கரைந்து போகும். ரிப்பன், எனாமல், ஒட்டு வேலை உள்ளவற்றையும் விலக்கினேன். வெள்ளீயக் கலவையில் செய்த ஒரு பதக்கம் இருந்தது: 1851ஆம் ஆண்டு லண்டன் பொருட்காட்சியின் கண்ணாடி மாளிகை. 19ஆம் நூற்றாண்டில் சாதாரண மக்கள் வாங்கும் விலைக்கு நினைவுப் பதக்கங்கள் வந்தது இந்த உலோகத்தால்தான். புதிதில் வெள்ளிபோல மின்னும், ஆனால் மிக மென்மையானது. நகம் பட்டாலும் தழும்பு. அதை மென்மையான தூரிகையால் தூசி மட்டும் தட்டி, கடினப் பிளாஸ்டிக் காப்ஸ்யூலில் வைத்து மூடிவிட்டேன்.

வெண்கல நோய்

ரோமானியச் செப்பு நாணயம் ஒன்று, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. பின்பக்கத்தில் இரண்டு வீரர்கள், நடுவே இரண்டு படைக்கொடிகள். கான்ஸ்டன்டைன் காலத்து வகை. 330களின் முற்பாதியில் அடித்தவற்றில் கொடி இரண்டு. பிறகு எடையைக் குறைத்தபோது கொடியும் ஒன்றாகிவிட்டது. ஆண்டே எழுதாத இந்த நாணயம் தன் காலத்தை ஐந்தாறு வருட எல்லைக்குள் காட்டிவிடுகிறது என்பது வேடிக்கைதான், மற்றவற்றோடு பட்ட பாட்டை நினைத்தால்.

அதன் கழுத்துப் பக்கம் வெளிர் பச்சை மாவு. மண்ணில் கிடந்த காலத்தில் உப்பு உள்ளே புகுந்து, உலோகத்தை ஒட்டிக் குப்ரஸ் குளோரைடு அடுக்காக உட்கார்ந்திருக்கும். வறண்ட இடத்தில் அது சும்மா இருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் பச்சை மாவாக மாறி, கூடவே அமிலத்தையும் விடும். அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடு ஆக்கும். இப்படிச் சுற்றிச் சுற்றிக் கடைசியில் நாணயமே உதிர்ந்துபோகும். ஆகவே முதல் வேலை, இதை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரிப்பது. தொற்று நோய் அல்ல என்றாலும், உதிரும் மாவும் அமில ஆவியும் பக்கத்தில் இருப்பவற்றுக்கு நல்லதல்ல.

நோய் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க, மூடிய டப்பாவில் நனைத்த பஞ்சை ஒரு மூலையில் வைத்து, நாணயத்தில் படாதபடி ஒரு நாள் விட்டேன். புதுப் பச்சைப் புள்ளிகள் முளைத்துவிட்டன. லென்ஸின் கீழ் மூங்கில் குச்சியால் மாவைக் குழியின் அடிவரை தோண்டி எடுத்தேன். பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஐந்து சதவீத சோடியம் செஸ்குவிகார்பனேட். நீரற்ற சோடியம் கார்பனேட்டையும் சமையல் சோடாவையும் ஏறக்குறைய சம அளவு கலந்தால் போதும், லிட்டருக்கு இரண்டும் சேர்ந்து 50 கிராம். இது அமிலத்தை நடுநிலையாக்கி, குளோரைடை மெல்ல வெளியே இழுக்கும். மெல்ல என்றால் வாரக்கணக்கில். கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தும் நேரத்தை அறிய, பழைய கரைசலில் கொஞ்சம் எடுத்து, நைட்ரிக் அமிலம் விட்டு அமிலத்தன்மை ஆக்கி, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். பால்போலக் கலங்கினால் குளோரைடு இன்னும் வருகிறது. சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் கறுப்பு பல நாள் போகாது, கையுறை அவசியம். இந்தக் கரைசல் சில சமயம் பாட்டினாவின், அதாவது காலத்தால் படிந்த பழைய மேற்படலத்தின், நிறத்தை நீலப்பச்சைப் பக்கம் நகர்த்தும் என்பதையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

அருங்காட்சியகங்களில் இதற்குப் பின் செம்பின் அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் கரைசலில் ஊறவைத்து, மேலே மெழுகோ அக்ரிலிக் பூச்சோ போடுகிறார்கள். பென்சோட்ரையசோல் உடலுக்குத் தீங்கான ரசாயனம். ஆவி உறிஞ்சும் வசதி இல்லாத வீட்டு அறையில் எனக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தேன். வடித்த நீரில் பல முறை அலசி, அசிட்டோனில் முக்கி ஈரத்தை விரட்டி, சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடிய சிறு டப்பாவில் தனியாக வைத்திருக்கிறேன். ஒப்பு ஈரப்பதம் 35 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மிச்சமிருக்கும் குளோரைடு தூங்கும். நிறம் மாறும் ஜெல்லில் ஆரஞ்சு வகையை எடுக்கலாம். பழைய நீல வகையில் உடலுக்குத் தீங்கான கோபால்ட் குளோரைடு உண்டு.

புது இருப்பிடம்

இதில் சொல்ல அதிகமில்லை. நாணயங்களுக்குப் பாலியெஸ்டர் உறை, அது மொறமொறப்பாக இருக்கும், வளையும் பிவிசி போல அல்ல. நல்லவற்றுக்கும் பதக்கங்களுக்கும் கடின காப்ஸ்யூல். அட்டை உறைகளில் இருந்தவற்றை எடுப்பதற்கு முன் ஸ்டேப்பிளர் பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஓக் மரப் பெட்டி கூடாது. அது விடும் அசிட்டிக் அமில ஆவி காரீயப் பதக்கங்களை வெள்ளைப் பொடியாக்கிவிடும். பழைய சேகரிப்பாளர்கள் மகோகனி அலமாரி தேடியது அந்தஸ்துக்கு மட்டும் அல்ல. பென்சில் சீட்டுகளை எறியவில்லை. தப்பாக இருந்தாலும் அவை பொருளின் வரலாறு. தனி உறையில் அதே எண்ணோடு இருக்கின்றன.

அட்டவணையில் ஆண்டுக்கு இரண்டு பத்தி போட்டேன்: பொறித்த ஆண்டு, அடித்த ஆண்டு. விளிம்புக்கும் ஒரு பத்தி, அதற்கு ஒரு படம். காப்ஸ்யூலின் வளையம் விளிம்பை மறைத்துவிடும் என்பதால், மூடுவதற்கு முன்பே நாணயத்தை மெல்லச் சுழற்றி வீடியோ எடுத்துக்கொண்டேன்.

இந்த இரண்டு பத்திகளும் மிகத் தள்ளி நிற்பது ஆந்தை நாணயத்துக்கு. ஏதென்ஸின் நான்கு திராக்மா, சீட்டில் கி.மு. 5ஆம் நூற்றாண்டு. அதன் தரநிலை எடை 17.2 கிராம், இது அதற்கு மிகக் கிட்டத்தில் இருந்தது. அடர்த்தியும் 10.3, வெள்ளி என்றே சொல்லலாம் போலிருந்தது. விளிம்பில்தான் மாட்டிக்கொண்டது: சுற்றிலும் தலைமுடி அளவுக்கு ஒரே கோடு, ஓரிடத்தில் முலாம் தேய்ந்து செம்பு எட்டிப் பார்த்தது. மின்பகுப்பு முறையில் இரண்டு பக்கத்துக்கும் செம்பு ஓடு எடுத்து, உள்ளே காரீயம் நிரப்பி ஒட்டி, வெள்ளி பூசிய நகல் இது. செம்பு 8.96, காரீயம் 11.34, இரண்டும் கலந்தால் வெள்ளியின் அடர்த்திக்கு வந்து நிற்க வாய்ப்பு உண்டு. தண்ணீர்ச் சோதனையை மட்டும் நம்பினால் நகல் தப்பித்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ராபர்ட் ரெடி இத்தகைய நகல்களை ஆய்வுக்காக வெளிப்படையாகவே செய்து கொடுத்தார். அவற்றின் விளிம்பில் அவர் பெயரின் முதலெழுத்துகள் ஆர்.ஆர். என்று குத்தியிருக்கும். என்னுடையதில் அந்தக் குத்து இல்லை. பொறித்த ஆண்டுப் பத்தியில் கோடு போட்டு, அடித்த ஆண்டுப் பத்தியில் "அடித்ததல்ல, மின்முறை நகல்" என்று எழுதி, தாலருக்கு அடுத்த அறையில் வைத்திருக்கிறேன். அடுத்த வேலை, தாலரின் வாலிறகுகளை எண்ணுவது.